தோட்டத்துக்குச் சட்ட உதவி: ஆப் வேண்டாம், காலக்கெடுவையும் தாளையும் பிடியுங்கள்

கேள்வி இதுதான்: இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து இளைஞர் குழு ஒன்றிடம் சிறிய நிதி, ஒரு மடிக்கணினி, நான்கு தொண்டர்கள் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளருக்குச் சட்ட உதவி எட்டும்படி ஒரு கைப்பேசிச் செயலி செய்யலாமா? கேட்டதற்குத் தானாகப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு உரையாடியை அதில் சேர்க்கலாமா?

செயலி செய்ய வேண்டாம் என்பேன். தோட்ட வீடுகளில் ஒரு ஸ்மார்ட் போனை மூன்று நான்கு பேர் பாவிக்கிறார்கள். அதில் இடம் எப்போதும் நிரம்பியே இருக்கும், புதிதாக ஒன்றை இறக்கினால் அடுத்த வாரமே அழிந்துவிடும். வட்ஸ்அப் அதில் ஏற்கனவே உண்டு. செயலியில் போடும் பணம் அதைச் செய்வதிலேயே தீர்ந்துபோகும். பிறகு சட்டம் மாறும்போது திருத்துவதற்கும், வரும் கேள்விக்குப் பதில் சொல்வதற்கும் ஆள் வைக்க ஒன்றும் மிஞ்சாது.

மலையகத்தில் ஒரு நியாயமான கோரிக்கை தோற்றுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான். ஒன்று, கொடுக்க வேண்டிய காலம் கடந்துவிட்டிருக்கும். மற்றது, நிரூபிக்கத் தேவையான தாள் இல்லை, அல்லது இருந்தும் பெயர் பொருந்தாது. சட்டம் தெரியாதது இவற்றுக்கு அடுத்துத்தான் வரும். உங்களிடம் உள்ள தொழில்நுட்பத்தை முதலில் இந்த இரண்டிலும் போடுங்கள்.

காலக்கெடு

கீழே வரும் கெடுக்களை ஒரு விரிதாளில் போட்டு வையுங்கள். சம்பவம் நடந்த நாளைக் கொடுத்தால் கடைசி நாள் தானாக வரும்படி சூத்திரம் எழுதுவது அரை மணி நேர வேலை.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர், இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போக 6 மாதமே உண்டு. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இது இதைவிட நீளம், அந்தப் பழைய கணக்கை இன்னும் சொல்லித்திரிபவர்கள் உண்டு. தொழிற்சங்கம் பேசுகிறது, துரை (தோட்ட முகாமையாளர்) பார்ப்போம் என்றார், அடுத்த மாதம் கூட்டம் இருக்கிறது என்று காத்திருக்கும்போதே இந்த 6 மாதம் கரைந்துவிடும். பேச்சு நடக்கட்டும், விண்ணப்பமும் போகட்டும். இதற்குச் சட்டத்தரணி கட்டாயமில்லை, சங்கப் பிரதிநிதியே தோன்றலாம்.

பொலிஸ், பிரதேச செயலகம், அரச பாடசாலை போன்ற அரச தரப்பு அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட ஒரு மாதம்தான். அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை சொல்வது அது. கொழும்புக்குப் போய் மனுப் போடுவது மஸ்கெலியாவில் இருப்பவருக்கு ஒரு மாதத்தில் நடக்கிற காரியமா? அதனால்தான் மனித உரிமைகள் ஆணைக்குழுவை மறக்கக் கூடாது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி, அதே ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டை மின்னஞ்சலிலும் அனுப்பலாம், அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. பலர் வழுக்கி விழுவது அதற்குப் பிறகு: முறைப்பாடு கொடுத்த ரசீது மட்டும் கையில் இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்று ஆணைக்குழு தரும் கடிதத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். தோட்டக் கம்பனிக்கு எதிராக இந்த வழி பொதுவாகச் செல்லாது. அங்கே தொழிற்சட்டம்தான்.

பணிக்கொடை, அதாவது வேலை முடியும்போது சேவைக் காலத்துக்காக மொத்தமாகக் கிடைக்கும் பணம், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டு நிறைவுசெய்தவருக்கு, வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நாட்கூலிக்காரருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளம். நாட்கூலி 1,350 ரூபா, சேவை 22 ஆண்டு என்று வைத்தால் 14 × 1,350 × 22 = 415,800 ரூபா. இந்தக் கணக்கையும் விரிதாளில் ஏற்றுங்கள். கொடுத்த தொகை குறைவென்று தெரிந்தால்தானே அடுத்த கேள்வியே எழும்?

தாள்

தோட்டத்தில் ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, செக்ரோலில் (தோட்டத்தின் வரவு, சம்பளப் பதிவு) மூன்றாவது, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பதிவில் நான்காவது என்று இருப்பது சாதாரணம். முத்துலெட்சுமி என்ற பெயர் சிங்களத்தில் கேட்டு எழுதப்பட்டு, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், திரும்பத் தமிழுக்கு வரும்போது லெட்சுமி, லக்ஷ்மி, லச்சிமி என மூன்று பேராகிவிடும். ஓய்வு பெற்று ஈ.பி.எப். எடுக்கப் போகும் நாளில்தான் இது தெரியவருவது வழக்கம். அன்றைக்குச் சத்தியக்கடதாசி, சமாதான நீதவான், கிராம உத்தியோகத்தர் என்று அலைச்சல் தொடங்கும். வேலையில் இருக்கும்போதே பார்த்துவிட்டால் தோட்ட ஆபீசில் உள்ள பதிவுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், வேலையை மேற்பார்க்கும், சாட்சி சொல்லக்கூடிய கணக்கப்பிள்ளையும் இருப்பார்.

எனவே குழுவின் முதல் வேலையாக வீடு வீடாக ஒரு பெயர் ஒப்பீட்டுத் தாள் தயாரியுங்கள். ஒருவருக்கு ஒரு வரி, ஆறு கட்டம்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, ஈ.பி.எப். கூற்று, வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றிலும் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள், திருத்தி எழுதாதீர்கள். பிறந்த திகதிக்கும் இதே மாதிரி ஒரு வரி. பொருந்தாத கட்டத்துக்கு நிறம் அடித்தால் யார் முதலில் போக வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரியும்.

அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 2016க்கு முந்திய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கமும் இருக்கும். பழையதன் முன்னால் 19 சேர்த்து, ஆண்டுக்கும் நாளுக்கும் உரிய முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, கடைசி எழுத்தை விட்டால் புதிய இலக்கம் வந்துவிடும். புதிய அட்டை எடுத்தவரின் பழைய பதிவுகள் பழைய இலக்கத்திலேயே கிடக்கும் என்பதால் தேடும்போது இரண்டையும் கொடுங்கள். நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்தில் பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். அதைக் கழித்தால், பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக வைத்து எண்ணிய கணக்கில், ஆண்டின் எத்தனையாவது நாள் என்று வரும். இதை வைத்தே அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் திகதி ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிடலாம்.

ஈ.பி.எப்.பில் தொழிலாளி பங்கு 8 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் மட்டும் 3. மாதத்தில் 25 பேர் (25 நாள் வேலை) விழுந்து, நாளுக்கு 1,350 ரூபா என்றால் சம்பளம் 33,750. அதில் 2,700 பிடிப்பார்கள், 4,050 போடுவார்கள், கணக்கில் மாதம் 6,750 ஏற வேண்டும். சம்பளச் சீட்டில் 2,700 பிடித்திருக்கிறது, கூற்றில் அந்த மாதம் ஒன்றும் ஏறவில்லை என்றால் அதுவே முறைப்பாடு, வேறு வாதம் எதுவும் தேவையில்லை. பிந்திக் கட்டினால் நிர்வாகத்துக்கு மேலதிகக் கட்டணம் உண்டு. 10 நாளுக்குள் பிந்தினால் 5 சதவீதத்தில் தொடங்கி, ஓராண்டு தாண்டினால் 50 சதவீதம் வரை போகும். கைக்காசுக்கோ (அன்றன்றைக்குக் கையில் வாங்கும் கூலி) கிலோக் கணக்குக்கோ வேலை செய்பவருக்கு ஈ.பி.எப். இல்லை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தற்காலிகமாக, துண்டு வேலையாகச் செய்பவரையும் உள்ளடக்கியே இருக்கிறது. அவர்களுக்குத்தான் தினமும் கொழுந்து நிறுக்கும்போது தரும் துண்டைப் படம் எடுத்து வைப்பது மிக முக்கியம், ஏனென்றால் வேறு சான்றே இருக்காது.

வயதானவர்களுக்கு இன்னொன்று பாருங்கள். 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. அதற்கு முன் ஜனவசம என்கிற மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. அதனால் ஒருவருக்கே இரண்டு மூன்று அங்கத்துவ இலக்கங்கள் இருக்கலாம். ஒன்றை மட்டும் கொடுத்துப் பணம் எடுத்துவிட்டு மற்றதை மறந்தவர்கள் உண்டு.

படம் எடுப்பது

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், கெட்டுப்போவது இங்கேதான். தாளைத் தட்டையாக வைத்து, பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நான்கு மூலையும் தெரிய, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் எடுங்கள். லேமினேட் செய்த அட்டையில் பிளாஷ் அடித்தால் இலக்கமே தெரியாது. ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐ, சாம்பல் நிறம் போதும். முத்திரையும் கையொப்பமும் உள்ள பக்கத்தை மட்டும் நிறத்தில் எடுங்கள். கோப்புப் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும்: 2024-03-10_சம்பளச்சீட்டு என்பது போல. அப்போது தானாகத் திகதி வரிசையில் அடுக்கும்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும், எப்போது எடுத்தது என்ற உட்தகவலையும் நீக்கிவிடும். சாட்சியாகத் தேவைப்படும் என்று தோன்றுகிற எதையும் ‘டொக்கியுமென்ட்’ என்ற வழியில் அனுப்பி, மூலப் படத்தை எடுத்த போனிலேயே விட்டு வையுங்கள். மிரட்டல் செய்தி வந்திருந்தால் ஸ்கிரீன்சொட் மட்டும் எடுத்துவிட்டு உரையாடலை அழிக்கக் கூடாது. உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்யுங்கள், அனுப்பியவரின் இலக்கம் தெரியும் பக்கத்தையும் எடுங்கள், தானாக மறையும் செய்தி என்ற அமைப்பை அணைத்து வையுங்கள்.

நீதிமன்றத்தில் ஒலி, ஒளிப் பதிவையும் கணினிச் சான்றையும் முன்வைக்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சட்டம் ஒரு நடைமுறை வைத்திருக்கிறது. விசாரணைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 45 நாள் முன்னதாக எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். விசாரணைக்கு முதல்நாள் போனைத் தூக்கிக்கொண்டு சட்டத்தரணியிடம் ஓடினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. தொழில் நியாய சபை சாட்சியக் கட்டளைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதால் அங்கே போன் படத்துக்கு இடம் கொஞ்சம் கூடுதல். அதை நம்பி மூலத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

குளவி கொட்டினாலும், வழுக்கி விழுந்தாலும், சிறுத்தை தாக்கினாலும் அன்றைக்கே எடுக்க வேண்டியவை நான்கு: நடந்த மலையின் (வேலை செய்த இடத்தின்) படம், காயத்தின் படம், அன்றைய பிரட்டில் (காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடம்) பெயர் விழுந்ததற்கான சான்று, ஆஸ்பத்திரித் துண்டு. வேலை நேரத்தில் வேலையின் காரணமாக நடந்தது என்று காட்டுவதிலேயே வேலையாள் நட்டஈட்டுக் கோரிக்கை நிற்கிறது. மூன்று மாதம் கழித்து எடுக்கும் படத்தில் காயமும் இருக்காது, குளவிக் கூடும் இருக்காது.

சேமிப்புக்குக் கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஒரு குடும்பத்துக்குத் தாராளம். சிக்கல் வருவது கணக்கைத் திரும்பப் பெறும்போது. ரீலோட் போடாமல் விட்ட சிம் செயலிழக்கும், பிறகு அதே இலக்கம் வேறொருவருக்குப் போகும், மீட்புக் குறியீடும் அவருக்கே போகும். மீட்புக்கு இரண்டாவது இலக்கமாக நம்பகமான உறவினர் ஒருவரின் இலக்கத்தைச் சேருங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி அடையாள அட்டையுடன் வைக்காமல் வேறிடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

மொழி

ஹட்டன், நுவரெலியா, பதுளை நீதிமன்றங்களில் நடவடிக்கை பெரும்பாலும் சிங்களத்தில். அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை, நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு அரசே மொழிபெயர்ப்பு வழங்க வேண்டும் என்கிறது. தமிழில் மனு கொடுக்கவும் இடம் உண்டு. முதல் தவணையிலேயே (வழக்கு முதலில் எடுக்கப்படும் நாளிலேயே) இதைக் கேட்க வேண்டும். பாதி விசாரணை போன பிறகு கேட்டால் தாமதப்படுத்துகிறார் என்ற எண்ணம்தான் வரும். பொலிஸில் சொன்ன முறைப்பாட்டை வாசித்துக் காட்டாமல் கையொப்பம் வைக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லுங்கள். கையொப்பம் வைக்கும் முன் தொண்டர் ஒருவருக்குப் போன் எடுத்து, எழுதியதை வாசிக்கக் கேட்டு அவர் தமிழில் சொல்வது, ஒரு ரூபாவும் செலவில்லாத மிகப் பயனுள்ள தொழில்நுட்பம்.

சிங்களத்தில் வந்த அழைப்பாணையைப் போன் கமராவில் காட்டி மொழிபெயர்க்கலாம். அதை மூன்று விடயங்களுக்கு மட்டும் பாவியுங்கள்: எந்த நீதிமன்றம், என்ன வழக்கு இலக்கம், எந்தத் திகதி. இயந்திரம் ஆளின் பெயரை ஒரு பொருளாக்கி மொழிபெயர்த்துவிடும், ‘செய்யக் கூடாது’ என்பதில் உள்ள மறுப்பை விழுங்கிவிடும், முறைப்பாட்டாளரையும் எதிராளியையும் இடம் மாற்றிவிடும். மங்கிய ரப்பர் முத்திரையில் 3ஐ 8 என்று வாசிக்கும். திகதியைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் நாட்காட்டியில் ஏற்றாதீர்கள்.

எழுத்துரு விவகாரமும் இருக்கிறது. இங்கே தட்டச்சு செய்யும் கடைகளிலும் சில அலுவலகங்களிலும் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு ஓடுகிறது. அதில் அடித்த கடிதத்தை அப்படியே வெட்டி ஒட்டினால் அடுத்த போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. யுனிகோடுக்கு மாற்றிய பிறகே அனுப்புங்கள், அல்லது பிடிஎப் ஆக்குங்கள். பழைய வர்த்தமானிப் பிடிஎப்களிலும் இதே கோளாறு. எழுத்தை நகலெடுக்க முடியாவிட்டால் படமாக எடுத்துக் கூகுள் டிரைவில் எழுத்துணரி வழியாகத் திறந்தால் தமிழும் சிங்களமும் ஓரளவுக்கு வரும்.

உரையாடி

செயற்கை நுண்ணறிவு உரையாடியை மக்களுக்கு நேரே திறந்துவிடாதீர்கள். காரணம் எளிது: இணையத்தில் தமிழில் உள்ள சட்டத் தகவலில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்குரியது. தமிழில் கேட்டால் இந்தியச் சட்டமே இலங்கைச் சட்டம் போல வந்து விழும். பணிக்கொடைக்கு 15 நாள் சம்பளம் என்று சொல்லும், அது இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த கணக்கு. தகவல் அறியும் உரிமைக்கு 30 நாள் என்று சொல்லும், அதுவும் அங்கேதான். இங்கே இல்லாத வட்டாட்சியரிடம் போகச் சொல்லும். உயர் நீதிமன்றம் என்று அது எழுதும்போது சென்னை போன்ற மாநில நீதிமன்றத்தை நினைத்து எழுதும். இங்கே அந்தப் பெயர் கொழும்பில் உள்ள அதியுயர் மன்றத்துக்கு. தவறு என்று தெரியாத அளவுக்குப் பதில் நேர்த்தியாக இருக்கும், ஆபத்தே அதுதான்.

தொண்டர்கள் வரைவு எழுதப் பாவிக்கலாம். கேள்வியில் ‘இலங்கை’ என்று போடுவது போதாது. ஒவ்வொரு கூற்றுக்கும் சட்டத்தின் ஆண்டும் இலக்கமும் பிரிவும் கேளுங்கள், பிறகு நாடாளுமன்றத் தளத்திலோ அரச அச்சகத் தளத்திலோ உள்ள தமிழ்ப் பிரதியைத் திறந்து அந்தப் பிரிவு உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். திருத்தச் சட்டம் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இலங்கைச் சட்டங்களின் கடைசிப் பிரிவில் வழமையாக ஒன்று இருக்கும்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும். ஒரு சொல்லில் வழக்கு நிற்கும் இடங்களில் சிங்களப் பிரதியையும் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

தூரம்

பொகவந்தலாவையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ ஒருவர் டவுனுக்கு வந்து சட்டத்தரணியைப் பார்க்க ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும். வந்த பிறகு இந்தத் தாள் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றால் பிறகு வரமாட்டார். அதைத் தடுப்பதற்குத்தான் முன்கூட்டிய பதிவு.

ஒரு இலக்கத்தை அறிவித்து மிஸ்கோல் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள், தொண்டர் திரும்ப எடுப்பார். ரீலோட் இல்லாதவரும் வருவார். பிரட்டு முடிந்து மலைக்குப் போகும் நேரத்தில் எடுக்க வேண்டாம், மாலை 5 மணிக்குப் பின் எடுங்கள். முதல் அழைப்பில் பெயர், டிவிசன் (தோட்டப் பிரிவு), என்ன நடந்தது, எப்போது நடந்தது, கையில் என்ன தாள் உண்டு என்ற ஐந்து மட்டும். ‘எப்போது’ என்பதற்குத் திகதி தெரியாவிட்டால் தீபாவளிக்கு முன்னா பின்னா, தேர்த் திருவிழாவுக்கு எத்தனை நாள் என்று கேட்டுப் பிடியுங்கள். அதிலிருந்துதான் கெடு ஓடுகிறது.

பிறகு தாள்களின் படங்களைச் சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்கோ உங்களுடன் வேலை செய்யும் சட்டத்தரணிக்கோ முன்கூட்டி அனுப்பி, என்ன குறை என்று கேட்ட பின்பே ஆளை அனுப்புங்கள். ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. அதன் நிலையங்கள் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலோ அருகிலோ இருக்கும். வழக்குப் பேச வேண்டுமானால் வருமானம் பார்ப்பார்கள், எனவே அடையாள அட்டையுடன் கிராம உத்தியோகத்தர் தரும் வருமானச் சான்றும் சம்பளச் சீட்டும் கொண்டுபோக வேண்டும்.

சட்டத்தரணியுடன் வீடியோவில் பேச வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ கதவு மூடக்கூடிய ஒரு அறை, வெளி அன்டெனா பொருத்தக்கூடிய ஒரு 4ஜி ரவுட்டர், ஒரு ஹெட்செட் போதும். பள்ளத்தில் இருக்கும் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிக்னல் ஜன்னலில் மட்டும்தான் கிடைக்கும், ரவுட்டரை அங்கேயே கட்டுங்கள். மழை நாளில் படம் நின்றால் வீடியோவை அணைத்துக் குரலில் தொடருங்கள், தாளை முன்பே அனுப்பியிருந்தால் முகம் தெரிவது அவ்வளவு அவசியமில்லை. நீதிமன்றத்தில் தூர இருந்து சாட்சி சொல்வது வேறு விடயம், அதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதை நம்பி யாரையும் வீட்டில் இருக்கச் சொல்லாதீர்கள்.

தவணை நினைவூட்டல் ஏழு நாள் முன்பு ஒன்று, முதல்நாள் மாலை ஒன்று. தமிழ் எஸ்.எம்.எஸ். ஒன்றில் 70 எழுத்தே கொள்ளும், ஆங்கிலத்தில் 160. புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனி எழுத்தாகவே எண்ணப்படும். நீண்டால் இரண்டாக உடைந்து இரட்டைச் செலவாகும். ‘வழக்கு மே 14 காலை 9 ஹட்டன் கோர்ட். அடையாள அட்டை எடுத்து வரவும்.’ என்பது 63 எழுத்து, ஒன்றில் அடங்கும். பழைய பட்டன் போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியலாம், அவர்களுக்கு அழைத்தே சொல்லுங்கள்.

தபால் பற்றியும் சொல்ல வேண்டும். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாத தோட்டங்களில் கடிதம் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுக்கும் வரை கிடக்கும். நிர்வாகத்துக்கு எதிரான முறைப்பாட்டின் பதில் நிர்வாகத்தின் மேசை வழியாக வருவது பற்றி நான் விளக்கத் தேவையில்லை. விண்ணப்பங்களில் டவுனில் உள்ள நம்பகமான விலாசம் ஒன்றையும், குழுவின் மின்னஞ்சலையும், போன் இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

தொழில் திணைக்களத்தில் கொடுத்த முறைப்பாடு அசையாமல் கிடந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள், அது தகவல் கோரிக்கையே அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ‘இந்த இலக்க முறைப்பாட்டுக் கோப்பில் இதுவரை இடப்பட்ட குறிப்புகளின் பிரதி, பரிசோதனைக்குச் சென்ற திகதிகள், நிர்வாகத்துக்கு அனுப்பிய கடிதங்களின் பிரதி’ என்று ஆவணமாகக் கேளுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும், பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சியும் தர வேண்டும். முடிவுக்கு 14 வேலை நாள். மறுத்தால் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம், அதற்கும் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள். கோரிக்கை போன மறுவாரமே கிடந்த கோப்பு நகர்வது உண்டு.

இரகசியம்

வீட்டு வன்முறை முறைப்பாட்டைப் பகிர்ந்து பாவிக்கும் போனில் கையாள்வது உயிராபத்து. அந்தப் பெண்ணுக்கு நீங்களாகச் செய்தி அனுப்பாதீர்கள், அவர் அழைக்கும் நேரத்தையே கேட்டு வையுங்கள். உங்கள் இலக்கம் அவர் போனில் சங்கத்தின் பெயரிலோ சட்டத்தின் பெயரிலோ சேமிக்கப்படக் கூடாது, தையல் வகுப்பு, சீட்டு என்று ஏதாவது இருக்கட்டும். படங்கள் அவர் போனில் இருக்க வேண்டாம், அனுப்பியதும் அழிக்கச் சொல்லுங்கள். மூலம் போனிலேயே இருக்கட்டும் என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. அவற்றை நம்பகமான ஒரு பெண்ணின் போனில் எடுப்பது இன்னும் நல்லது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம், சத்தியக்கடதாசியுடன் இடைக்காலக் கட்டளையும் கேட்கலாம், கட்டளை 12 மாதம் வரை நீளும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929.

தொண்டர்கள் யாரின் கீழ் வேலை செய்கிறார்கள் என்பதை எழுத்தில் தீர்மானியுங்கள். உதவி கேட்டு வந்தவர் தன் சட்டத்தரணியிடம் சொன்னதைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆவது பிரிவு காக்கிறது, 127ஆவது பிரிவு அதைச் சட்டத்தரணியின் எழுதுவினைஞருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் விரிக்கிறது. எந்தச் சட்டத்தரணியுடனும் தொடர்பில்லாத தொண்டரிடம் சொன்ன கதைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அவரை நீதிமன்றம் அழைத்துக் கேட்கலாம். எனவே ஒரு சட்டத்தரணி கையொப்பமிட்ட கடிதம் ஒவ்வொரு தொண்டருக்கும் வேண்டும். வழக்கு விபரங்களைக் குழு வட்ஸ்அப்பில் போடுவதை முதல் நாளிலேயே தடை செய்யுங்கள், அங்கே வழக்கு இலக்கமும் திகதியும் போதும். தொண்டர் ஒருவர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போகும் நாளில் டிரைவ் அனுமதியை நீக்குவது, அவர் போனில் உள்ள படங்களை இருந்து பார்த்து அழிப்பது, மிஸ்கோல் இலக்கத்தின் சிம்மைத் திரும்ப வாங்குவது ஆகிய மூன்றையும் அன்றைக்கே முடியுங்கள். அந்த சிம் தனி ஆளின் பெயரில் இல்லாமல் குழுவின் பெயரில் பதிந்திருக்க வேண்டும்.